இடது பெட்டி

இரும்புக் கதவைத் தாண்டினால் கூடம்.
நீளம் இருபத்தெட்டு அடி, அகலம் பதினெட்டு.
தரை முழுக்கப் பளிங்கு,
நாற்காலி இன்னும் வாங்கவில்லை.
"சாவி எங்கே" என்றால்
"கே... கே..." என்று சுவர் திருப்பிக் கேட்கும்
செகாம்புட் வீடு.
தவநேசன் உள்ளிருந்து கூப்பிட்டால்
நான் மாடியைப் பார்ப்பேன்,
பிறகு வாசலை,
பிறகு குசினியை.

மூன்று நாள் அளந்தான்,
நாடாவும் பென்சிலுமாக.
சோறு ஆறியது.
பேச்செல்லாம் வாட், ஓம், பாஸ்.
"பெட்டி சின்னதென்றால் கூடம் விழுங்கிவிடும்.
பெரிதென்றால்
பக்கத்து வீட்டு ஹாஜி நம்மை விழுங்கிவிடுவார்."

சனிக்கிழமை புடு, பாசார் ரோடு.
படிக்கட்டு வரை கருவாட்டு வாசம்.
மேலே கம்பளம், ஏர்கோன்,
வரிசையாய்க் கறுப்புப் பெட்டிகள்
மேல்துணி கழற்றி
மருத்துவ முகாமுக்கு வந்த ஆட்களைப் போல
மார்பைக் காட்டி நின்றன.

ஆ லூன் முப்பது வருடமாய் இதைத்தான் விற்கிறார்.
பாதி மலாய், மீதி கை.
ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்.
"இங்கே உட்கார்ந்தால்தான்.
அரை அடி நகர்ந்தாலும் போச்சு."

தவநேசன் உட்கார்ந்து கண்ணை மூடினான்.
"நடுவில் நிற்கிறாள்" என்றான்.
"தபேலா அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி.
மூச்சு இழுக்கிறாள், கேட்டாயா?"
நான் பார்த்தேன்.
இரண்டு பெட்டிக்கும் நடுவே
சுருண்ட வயரும்
தின்று வைத்த மேகி கப்பும்.

என் முறை.

ஏழு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி.
கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டார்கள்.
வீக்கம் இறங்கிப் போகையில்
இடது காதையும் கூட்டிக்கொண்டு போனது.

வலது பெட்டி பாடியது.
இடது, வாயை மட்டும் அசைத்தது.
நடுவில் யாரும் வந்து நிற்கவில்லை.

அவனுக்குத் தெரியாததல்ல.
பதினோரு வருடமாய்
என் வலப்பக்கம்தான் நடக்கிறான்,
லோரி வரும் பக்கமானாலும்.
அன்று மறந்துவிட்டான்.
அத்தனை சந்தோஷம் முகத்தில்.
நானும் "நல்லா இருக்கு" என்றேன்.

ஜோடி இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
"ஒன்று மட்டும் கொடுப்பீர்களா?"
பகடியாகத்தான் கேட்டேன்.
ஆ லூன் சிரித்தார்.
பிறகு, என் தலை சாய்ந்திருப்பதைக் கவனித்தாரோ என்னவோ,
சிரிப்பை நிறுத்தினார்.
அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ஆம்பிளிஃபயரை இழுத்தார்,
தூசி ஊதினார்,
ஓரத்தில் ஒரு பொத்தான் காட்டினார்.
அமுக்கினால்
பாட்டை இரண்டாய்ப் பங்கு பிரிக்காதாம்.
இரண்டு பெட்டிக்கும் முழுசாய்ப் போகுமாம்.
"புதுசில் இது வருவதில்லை.
யாரும் கேட்பதில்லை."

அமுக்கினார்.

இவ்வளவு நேரமும்
ஏர்கோன் இரைச்சல் என்று நான் நினைத்திருந்தது
வயலின்.

தவநேசன் என்னைப் பார்த்தான்.
விலை பேசவில்லை.
அவன் பேரம் பேசாமல் வாங்கியது
அது ஒன்றுதான்.

பெட்டிகள் வந்தன.
கம்பளம் வந்தது, திரைச்சீலை வந்தது,
சுவர் பதில் சொல்வதைப் பாதி நிறுத்தியது.
இடது பெட்டியைச் சுவரிலிருந்து
இரண்டடி தள்ளுவதா மூன்றா என்று
ஒரு வாரம் சண்டை.
ஹாஜி வந்து தேநீர் குடித்துவிட்டு
சத்தம் போதும் என்றார்.
கூட்டச் சொன்னாரா, குறைக்கச் சொன்னாரா,
இன்றுவரை தெரியாது.

நேற்று ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீருக்கு இறங்கினேன்.
விளக்கில்லை.
ஆம்பிளிஃபயரின் ஆரஞ்சுப் புள்ளி மட்டும்.
பாட்டு மிகத் தணிவாக.
தவநேசன் நாற்காலியில்,
இடது காதுக்குள்
விரலை அழுத்திச் செருகி
அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசிப் படியிலேயே நின்றேன்.
கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால்
எந்தப் பக்கமிருந்து என்று
அவனுக்கும் தெரிந்திருக்காது.